வெந்நிறமா, வெப்பநிறமா: மூன்று நிறங்களுக்கு ஒரு பெயர்

கொக்குவிலிலிருந்து, வடிவமைப்புப் பயிற்றுநர்:

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம். மாலை வகுப்பு மாணவர்களுக்காக நான் எழுதிவரும் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். அதில் ஓர் இயல், சூடும் இருளும் கலந்த மூன்று நிறங்களை மட்டும் கொண்டு ஒரு சுவரொட்டியை அமைப்பதைப் பற்றியது. பனம்பழக் களியை உலர்த்திச் செய்யும் பனாட்டின் கருங்கபிலம், தணலின் சிவப்பு, சந்தனத்தின் வெளிர்மஞ்சள் ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டாக வைத்து, பெரும்பரப்புக்கு 60 வீதம், துணைப்பரப்புக்கு 30 வீதம், கண்ணை இழுக்கவேண்டிய இடத்துக்கு 10 வீதம் என்ற வழமையான பங்கீட்டை விளக்கியிருக்கிறேன். இப்படித் தெரிந்தெடுத்த நிறங்களின் சேர்க்கையை வகுப்பில் 'பலெற்' (palette) என்றே சொல்லி வந்தோம். நூலில் அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. 'வண்ணத்தட்டு' பொருந்துமா? 'சூடான', 'இருண்ட' என்பவற்றை எப்படிச் சேர்ப்பது?

நல்லூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கைக்கு, வண்ணத்தட்டு வேண்டாம். தட்டு என்பது ஓவியர் கையிலிருக்கும் பலகை. உங்கள் மாணவர் திரையில் வேலை செய்கிறார். வண்ணம் என்ற சொல்லோ தொல்காப்பியச் செய்யுளியலில் இருபது வகைச் சந்தங்களைக் குறித்து நிற்கிறது. நமக்கு நிறம் என்ற சொல் இருக்கிறது. அதே நூலின் உரியியலோ, 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்று நிறத்தைக் குறிக்கும் வேறு இரண்டு சொற்களையும் தருகிறது. மூன்று நிறங்களின் சேர்க்கையை 'முக்கெழு' என்றால் எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்று பாருங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை, வெம்மை என்னும் பண்புப்பெயரின் ஈறு போய் நீரோடு சேரும்போது வெந்நீர் ஆவதைப்போல, நிறத்தோடு சேரும்போது வெந்நிறம் ஆகும். செந்நிறம் நம் காதுக்குப் பழக்கமானது, வெந்நிறமும் பழகிவிடும். அதே உரியியல் 'வெம்மை வேண்டல்' என்கிறது. வெம்மைக்கு விருப்பம் என்றும் பொருள் உண்டு என்பதே அதன் கருத்து. சிவப்பும் செம்மஞ்சளும் பார்ப்பவரை அருகே அழைப்பதைத்தானே நீங்கள் கற்பிக்கிறீர்கள்? அந்த அழைப்பு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மானிப்பாயிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் இலக்கணத்தில் பிழை காண முடியாது. ஆனால் அச்சில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். வெந்நிறம் என்று எழுதினால், மெய்ப்புப் பார்ப்பவர் அதை எழுத்துப்பிழை என்று கருதி வெண்ணிறம் என்று திருத்திவிடுவார். சூடான நிறம் வெள்ளை நிறமாகிவிடும். இருளையும் சேர்த்து 'வெங்கரு' என்று ஆக்கினால், மாணவர்கள் அதை முட்டையின் வெண்கரு என்றே வாசிப்பார்கள். முக்கெழுவும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் தமிழ்நாட்டுக் கணிதநூல்களில் நாம் குணகம் என்பதையே அவர்கள் கெழு என்கிறார்கள். இந்நூலை அங்குள்ளவர்களும் வாசிக்கலாம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, எங்கள் ஊரில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியை நாம் இன்றும் மதிப்பது, நோயாளிக்கும் மாணவருக்கும் விளங்கும் மொழியில் மருத்துவத்தைக் கொண்டுவர அவர் உழைத்ததனால்தான். 'வெப்பநிறம்' என்றே எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

உரும்பிராயிலிருந்து, அச்சக வடிவமைப்பாளர்:

இருளுக்கு நம் புடைவைக் கடைகளில் வழங்கும் 'கடும்' என்ற சொல்லை எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடும்நீலம், கடும்பச்சை என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கடும் என்பது சில வேளை நிறத்தின் செறிவையும் சில வேளை ஒளிக்குறைவையும் குறிக்கிறது. வடிவமைப்பில் இவை வேறு வேறு. கபிலம் என்பதே ஒளி குறைந்த செம்மஞ்சள்தான். அருகே வெளிச்சமான நிறம் ஒன்று இருந்தால்தான் கண் அதைக் கபிலமாக அறிகிறது. ஆகவே 'இருள்' என்ற சொல்லே சரி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 'இருள்வெப்ப முந்நிறம்' என்று எழுதினால் மூன்று நிறங்களும் இருண்டவை என்று பொருள்படும். அப்படி மூன்றையும் இருளாக எடுத்தால் எழுத்தை வாசிக்கவே முடியாது. சிறிய எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. திரையின் முழுச் சிவப்பைக் கறுப்பின்மேல் வைத்தால் 5.25 கிடைக்கிறது, அதே சிவப்பின் அளவை உச்சமான 255இலிருந்து 128க்கு இறக்கினால் ஏறத்தாழ 1.9தான் மிஞ்சும். தங்கையின் மூன்றாம் நிறம் சந்தனமாக இருப்பது இதனால்தான். சொல்லும் இதற்கு இடங்கொடுக்கவேண்டும் என்பதால் 'இருள்சார்' என்று எழுதுவதே பொருத்தம். பலெற்றுக்கு நிறத்தொகுதி என்று சொல்லவேண்டாம். நம் பாடநூல்களில் நரம்புத்தொகுதி, சமிபாட்டுத்தொகுதி என்று அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. பூக்களைக் கோப்பதுபோல நிறங்களைக் கோப்பதால், கோவை என்பது என் விருப்பம்.

வட்டுக்கோட்டையிலிருந்து, நூலகர்:

இத்தனை நீளம் எதற்கு? அடுப்பில் கரியும் கனலும் ஓரத்துச் செம்மஞ்சளும் சேர்ந்திருப்பது தணல். 'தணல்நிறக் கோவை' என்றால் சூடும் இருளும் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். அம்மாவின் குசினியைக் கண்ட எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கொக்குவிலிலிருந்து:

அந்தச் சொல்லை வாசித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த இயலில் குளிர்ந்த இருண்ட நிறங்களும், அதற்கடுத்ததில் சூடான வெளிர்நிறங்களும் வருகின்றன. தணலுக்கு அப்படி உறவுச்சொற்கள் பிறப்பதில்லை. எடுத்துக்காட்டுக்குப் பெயராகத் தணலை வைத்துக்கொள்கிறேன். பொதுச்சொல்லாக 'இருள்சார் வெப்ப முந்நிறக் கோவை' என்று எழுதிவிடலாமா? மூவர் உடன்பட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:

தாமதமாக வருவதற்கு மன்னிக்கவேண்டும். வெப்பம் என்பது எங்கள் பாடத்தில் அளக்கக்கூடிய ஒன்று. ஒளிமூலங்களுக்கு நிற வெப்பநிலை என்ற அளவும் உண்டு. அந்த அளவில் 2700 கெல்வின் மின்குமிழ் மஞ்சளாகவும், 6500 கெல்வின் மின்குமிழ் நீலம் கலந்த வெண்மையாகவும் தெரியும். நீங்கள் வெப்பநிறம் என்பது எங்கள் கணக்கில் குறைந்த வெப்பநிலை. என் மாணவர்களில் பலர் உங்கள் மாலை வகுப்புக்கும் வருகிறார்கள். அவர்கள் கட்டாயம் குழம்புவார்கள். கண் உணர்வதற்கு வெம்மை என்ற தனிச்சொல் தேவை என்பதால், நான் நல்லூர் ஐயாவின் பக்கம்.

கொக்குவிலிலிருந்து:

ஐயா, பக்கங்களைக் கோத்தாகிவிட்டது. 48 பக்கங்களிலும் சொல்லை மாற்ற இனி நேரமில்லை. இயலின் முதற்பக்கத்தில், இங்கே சொல்லப்படுவது கண்ணுக்குத் தோன்றும் சூடு, கெல்வின் அளவு அன்று என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

நல்லூரிலிருந்து:

அந்த வரியிலாவது 'சூடு' என்பதை எடுத்துவிட்டு 'வெம்மை' என்று எழுதுங்கள், தங்கை. வெப்பநிறத்துக்கு நான் இன்னும் உடன்படவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.