ஹால் ஆஃப் ஃபேம்: புகழ் மன்றமா, பீடு மன்றமா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நியூ ஜெர்சி

அவையோர்க்கு வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளியின் ஏழாம் நிலை மாணவர்கள் ஒரு சொற்போர் நடத்தவிருக்கிறார்கள். தலைப்பு அவர்களே தேர்ந்தது: ஓய்வு பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்களுள் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெறத் தக்கவர் யார்? பேரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ், பீட் ரோஸ் ஆகிய மூவரைப் பற்றித்தான் பேச்சு. துணைக்குறிப்பைச் சனிக்கிழமை காலைக்குள் அச்சிட வேண்டும். 'ஹால் ஆஃப் ஃபேம்' என்பதற்கும், அதில் ஒருவரைச் சேர்க்கும் நிகழ்வுக்கும், சுவரில் பதிக்கும் வெண்கலப் பலகைக்கும் தமிழ்ச் சொற்கள் தேவைப்படுகின்றன.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939-இல் திறக்கப்பட்ட, பேஸ்பாலில் சிறந்தவர்களைத் தேர்ந்து போற்றும் நிறுவனம்தான் ஹால் ஆஃப் ஃபேம். முதல் தேர்தல் 1936-இலேயே நடந்துவிட்டது. 226 வாக்குகளில் டை காப் 222 பெற்றார், பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் தலா 215 பெற்றார்கள். பத்துப் பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிந்தவரைப் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்கிறார்கள். ஒருவர் பத்துப் பெயர் வரை குறிக்கலாம். 75 விழுக்காடு பெற்றவர் உள்ளே செல்வார். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனவர் பட்டியலிலிருந்து நீங்குவார். மற்றவர் பத்தாண்டு வரை காத்திருக்கலாம். ஆட்டத்திறனோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றையும் எண்ணியே வாக்களிக்க வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸ், தம் பத்தாம் ஆண்டாகிய 2022-இல் 66.0 விழுக்காட்டோடு நின்றுபோனார். பந்தெறிந்து 354 வெற்றி கண்ட கிளெமென்ஸ் 65.2 விழுக்காட்டோடு நின்றார். ஊக்கமருந்து ஐயமே இருவரையும் தடுத்தது.

சென்ற வாரம் பயிற்சியின்போது 'புகழ் மண்டபம்' என்று எழுதிக் கொடுத்தேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "பாண்ட்ஸ் புகழ் பெற்றவர்தானே, டீச்சர்? அப்படியானால் அவர் இடம் புகழ் மண்டபத்தில்தானே இருக்க வேண்டும்?" என்று கேட்டாள். எதிரணியால் விடை சொல்ல முடியவில்லை. நான் கொடுத்த சொல்லே ஓர் அணிக்குத் தீர்ப்பெழுதிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. வழக்கைத் தன்னுள்ளேயே முடித்துவிடாத ஒரு சொல்லை வேண்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஆசிரியை அவர்களுக்கு. முப்பதாண்டுகளாகச் செய்தி மொழிபெயர்க்கிறேன். சச்சின் டெண்டுல்கர் 2019-இல் பன்னாட்டுக் கிரிக்கெட் அவையின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது எங்கள் செய்தித்தாள்கள் அதைப் பெரும்பாலும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதின; படித்தவர் யாரும் திகைக்கவில்லை. இது ஒரு நிறுவனத்தின் பெயர். பெயரை மொழிபெயர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது? பொருள் விளங்க வேண்டுமென்றால் முதல் முறை 'புகழ்பெற்றோர் அரங்கம்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டு மேலே செல்லுங்கள். உங்கள் மாணவர்கள் ஊருக்கு வரும்போது தாத்தா பாட்டியிடம் இந்தச் சொல்லைச் சொல்லி, அவர்களுக்கு அது புரிய வேண்டும். அந்த ஒரு தேர்வில் தேறாத சொல், எவ்வளவு செறிவானதாக இருந்தாலும், அகராதியோடு தங்கிவிடும்.

'மண்டபம்' மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. சென்னையில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது திருமணப் பந்தி.

பொறியாளர், கோயம்புத்தூர்

மண்டபத்தை விலக்கியமைக்கு நன்றி. ஆனால் எழுத்துப்பெயர்ப்பை ஏற்க மாட்டேன். நம்மிடம் இல்லாத ஒரு கருத்தையா கடன் வாங்குகிறோம்? ஓர் ஆடவன் செய்த அருஞ்செயலைப் பேரோடு பொறித்து ஊரார் பார்க்க நிறுத்துவது என்பது நம் முன்னோர் இலக்கணமே வகுத்து வைத்த செயல். அகநானூற்றின் 67-ஆம் பாட்டு 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்' என்கிறது. கூப்பர்ஸ்டவுனின் வெண்கலப் பலகையில் இருப்பது என்ன? முகத்தின் புடைப்புருவம், பெயர், ஆடிய அணிகள், ஆற்றிய செயல்கள். பெயரும் பீடும், அதாவது பெருமையும், அன்றி வேறில்லை. ஆகவே பலகைக்குப் 'பீட்டுப் பலகை', நிறுவனத்துக்குப் 'பீடு மன்றம்' என்று முன்மொழிகிறேன்.

மன்றம் ஏன்? 'மன்' என்னும் வேர் நிலைத்தலைக் குறிப்பது. மன்னுதல் அதன் கிளை; மன்னன், மன்று, மன்றம் ஆகியவற்றையும் அதன் கிளைகளாகவே நான் கருதுகிறேன். புறநானூறு 165-இல் பெருந்தலைச் சாத்தனார் 'மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே' என்று பாடுகிறார். நிலையில்லாத உலகில் நிலைக்க எண்ணியவர் புகழை நிறுத்திவிட்டுத் தாம் மறைந்தார்கள். இதைவிடச் சிறந்த விளக்கம் இந்த நிறுவனத்துக்கு வேறு மொழியில் கிடைக்குமா? மேலும் 'பீடு' என்பதும் 'பீடம்' என்பதும் உயர்வு என்னும் ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்று நான் நெடுநாளாகக் கருதி வருகிறேன். உயர்ந்தவரை உயரத்தில் வைக்கும் இடத்துக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

தொல்காப்பியம் கல் நடுதலை ஆறு படியாக்குகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. ஐந்தாண்டு காத்திருப்புக்குப் பின் தகுந்தவரைத் தேடிப் பட்டியலிடுவது காட்சி. வெண்கலத்தைச் சுவரில் பதிப்பது நடுதல். கோடையில் நடக்கும் விழாவும் உரைகளும் வாழ்த்து. இடைப்பட்ட மூன்றையும் நாளை எழுதுகிறேன். வாக்குச்சீட்டுக்குக் 'குடவோலை' இருக்கவே இருக்கிறது.

ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

தம்பி, உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் மூன்று இடங்களில் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, குடவோலை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) கூறும் முறையில் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அங்கே வாக்கு எண்ணப்படுவதில்லை. 75 விழுக்காடு என்று எண்ணிப் பார்க்கும் தேர்தலுக்கு அது பொருந்தாது. வாக்குச்சீட்டு என்றே எழுதட்டும். ஆனால் அதே கல்வெட்டிலிருந்து நம் மாணவர்கள் கற்க வேறொன்று உண்டு. யார் நிற்கலாம் என்பதைவிட யார் நிற்கக் கூடாது என்பதையே அது விரிவாகப் பேசுகிறது. முன்பு வாரியத்தில் (ஊர்ச்சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய உறவினரும் விலக்கப்படுகிறார்கள். திறமையும் ஒழுக்கமும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டுமா என்னும் கேள்வி அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாவது, நடுகல். அது மாய்ந்தவர்க்கு எடுப்பது. கூப்பர்ஸ்டவுனில் பெரும்பாலும் உயிரோடிருப்பவர் மேடையேறி நன்றி கூறுகிறார். நிலநடுக்கத்தால் வாடிய நிகரகுவா மக்களுக்கு உதவிப் பொருள் கொண்டு செல்கையில் விமானம் விழுந்து மாண்ட ராபர்ட்டோ கிளெமென்டேயை, ஐந்தாண்டு விதியைத் தளர்த்தி 1973-இல் சேர்த்தார்களே, அந்த ஒரு நிகழ்வுக்கு உங்கள் உவமை முழுதும் பொருந்தும். மற்றவற்றுக்கு இல்லை. பீடு, பீடம் இரண்டையும் ஒரே வேரில் முடிக்கச் சான்றில்லை. பீடம் வடசொல் வழி வந்தது.

மூன்றாவதுதான் முதன்மையானது. ஆசிரியையின் மாணவி கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அவள் 'புகழ்' என்று சொன்னபோது அவள் மனத்தில் இருந்தது பிரபலம். நம் நூல்களில் இரண்டும் ஒன்றல்ல. 'புகழெனின் உயிருங் கொடுக்குவர் பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்' என்பது புறநானூறு 182. புகழுக்கு எதிர்ச்சொல் பழி; அறியப்படாமை அன்று. திருவள்ளுவர் புகழை ஈகைக்கு அடுத்து இல்லறவியலின் முடிவில் வைத்தார். 'ஈதல் இசைபட வாழ்தல்' என்றே அதிகாரத்தைத் தொடங்கினார். ஆகவே 'புகழ் மன்றம்' என்ற பெயரிலேயே அந்த நேர்மை விதி அடங்கியிருக்கிறது. பாண்ட்ஸ் பிரபலமானவர் என்பதில் ஐயமில்லை. புகழுடையவரா என்பதுதான் அந்தப் பிள்ளைகள் வாதிட வேண்டிய பொருள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பேராசிரியர் ஐயா, தாங்கள் கூறியதை வகுப்பில் அப்படியே சொல்வேன். ஆனால் ஓர் அச்சம் எழுகிறது. சற்று முன்பு சொல் பாண்ட்ஸின் பக்கம் சாய்ந்தது. இப்போது அவருக்கு எதிராகச் சாய்கிறதே? பழியுடையவர்க்குப் புகழில்லை என்றால் ஒட்டிப் பேசும் அணி எழுந்திருக்கவே முடியாது. சட்டப்படி அவர் மீது எதுவும் நிலைக்கவில்லை. நீதிக்கு இடையூறு செய்தார் என்ற 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2015-இல் நீக்கப்பட்டது. கிளெமென்ஸ் 2012-இல் விடுவிக்கப்பட்டார்.

கணக்காளர், ரொறன்ரோ

வணக்கம். நான் எண்களோடு வாழ்பவன். பேஸ்பாலை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன்.

ஆசிரியையின் அச்சத்துக்கு விடை அந்த நிறுவனத்தின் சுவரிலேயே இருக்கிறது. பந்தில் எச்சிலும் பசையும் தடவி எறிந்ததற்குப் பேர்போன கேலர்ட் பெரி 1991-இல் தெரிவாகி அங்கே இருக்கிறார். ஊக்கமருந்துக் காலம் முழுவதும் விளையாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த பட் சீலிக் 2017-இல் சேர்க்கப்பட்டார். பழி என்பது என்ன, எந்த அளவு, எந்தக் காலத்து விதிப்படி என்று ஒட்டிப் பேசுவோர் கேட்கலாம். தண்டனையோடு கூடிய மருந்துச் சோதனை 2004-இல்தான் தொடங்கியது என்றும் சொல்லலாம். ஆகவே 'புகழ்' வாதத்தை முடித்துவிடவில்லை, அதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது.

இன்னொன்று. அங்கே இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று அருங்காட்சியகம், மற்றது பலகைகள் பதித்த கூடம். பொண்ட்ஸ் ஹாங்க் ஆரனின் சாதனையைக் கடந்து அடித்த 756-ஆவது ஹோம் ரன்னின் பந்து, ஒருவர் வாங்கி உடுக்குறி (*) பொறித்துக் கொடுத்த நிலையில், அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொண்ட்ஸ் இல்லை. 4,256 தடவை வெற்றிகரமாகப் பந்தடித்த ரோஸ் சூதாட்டத்துக்காக 1989-இல் விலக்கப்பட்டார். 2024-இல் இறந்தார். 2025-இல்தான், இறந்தவர்களுக்குத் தடை தொடராது என்று அறிவித்து, அவர் பெயரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இனி 2027-இல் கூடும், முற்கால ஆட்டக்காரர்களுக்கான குழு அவரை எண்ணிப் பார்க்கலாம். பொறியாளர் நண்பரே, ரோஸைத் தெரிந்தெடுத்தால் அது உங்கள் நடுகல்லாகவே இருக்கும். ஆனால் 'மன்றம்' என்பது ஆட்கள் கூடுவது, கட்டடம் அன்று. அதனால்தான் அந்தச் சொல்லை நான் ஆதரிக்கிறேன். கறுப்பினத்தவர் லீக்குகளில் ஆடிய சாட்செல் பேஜை 1971-இல் சேர்க்க முன்வந்தபோது, முதலில் அவர்களுக்கென்று தனிப் பகுதி என்றார்கள்; எதிர்ப்பு எழுந்த பின்பே எல்லோரோடும் ஒன்றாக வைத்தார்கள். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பே ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் தம் ஏற்புரையில் அவர்களையும் சேர்க்கும்படி கேட்டிருந்தார். கட்டடத்துக்குள் மூலை உண்டு. மன்றத்தில் இருப்பவர் சமமாக இருப்பார்.

விளங்குமா என்று சென்னை நண்பர் கவலைப்படுகிறார். இலங்கையில் நாங்கள் கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்று எழுதத் தொடங்கியபோதும் இதே கவலை இருந்தது. இன்று பிள்ளைகளுக்கு அது இயல்பான சொல். எழுத எழுதத்தான் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

துடுப்பாட்டம் அங்கே நின்றது, இங்கே நிற்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆனாலும் 'புகழ் மன்றம்' கேட்டவுடன் விளங்குகிறது, எதிர்க்க மாட்டேன். 'பீடு' இன்று 'பீடுநடை' என்ற ஒரு தொடரில் மட்டுமே உயிரோடிருக்கிறது.

பொறியாளர், கோயம்புத்தூர்

உயிர் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி, பயன்படுத்தினால் வளரும். பேராசிரியர் ஐயா கூறிய புகழ்–பிரபலம் வேறுபாடு உண்மை. ஆனால் அது நம் போன்றோரின் நூலறிவில் இருக்கிறது. அந்த மாணவியின் நாவில் இல்லை. சொல் பேசுபவரின் நாவில் என்ன பொருள் தருகிறதோ அதுதான் வாதத்தை நடத்தும். 'பீடு' அவளுக்குப் புதிய சொல். அதில் பிரபலத்தின் வாடை இல்லை, பழியின் எதிரொலியும் இல்லை. ஆசிரியை கேட்ட நடுநிலை அதில்தான் இருக்கிறது. குடவோலையை விட்டுவிடுகிறேன். எனினும் அகநானூறு 77-இல் 'கயிறுபிணிக் குழிசி ஓலை' எண்ணிப் பார்க்கத் தக்கது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் ஆவண மாக்களை அங்கே காண்கிறோம்.

ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

நாவில் தேய்ந்த சொல்லுக்கு அதன் பழைய பொருளை மீட்டுத் தருவதற்குத்தானே பள்ளி இருக்கிறது? சேர்க்கும் நிகழ்வுக்கு 'மன்றேற்றம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அரங்கேற்றம் போல ஒலிக்கிறது; ஆனால் அரங்கேற்றம் ஒரு கலைஞரின் தொடக்கம், இது முடிந்தபின் வருவது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு அச்சுக்குக் கொடுக்கிறேன். கருத்துரைத்தவர்களுள் நால்வர் புகழ் மன்றத்துக்கும், ஒருவர் பீடு மன்றத்துக்கும் இசைந்துள்ளார்கள். தனிமடல் எழுதியவர் ஆங்கிலப் பெயரே போதும் என்கிறார். குறிப்பில் 'புகழ் மன்றம்' என்று எழுதி, அடியில் புறநானூற்று வரியையும் புகழுக்கும் பிரபலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துள்ளேன். வெண்கலத்துக்குப் 'பீட்டுப் பலகை'. நிகழ்வுக்குச் சொல் கிடைக்காததால் 'மன்றத்தில் சேர்த்தல்' என்று விட்டுவிட்டேன்.

பொறியாளர், கோயம்புத்தூர்

பலகைக்குப் பீடு கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஆறில் நான்கு என்பது 66.7 விழுக்காடு, அந்த நிறுவனத்தின் விதிப்படி இந்தச் சொல் இன்னும் தேர்வு பெறவில்லை. பத்தாண்டு வரை பட்டியலில் வைத்திருக்க வேண்டுகிறேன். சாத்தனாரின் 'நிறீஇ' கையிலிருக்க நிகழ்வுக்குச் சொல் கிடைக்கவில்லை என்பதையும் ஏற்க இயலவில்லை. 'மன்றில் நிறுத்தல்' என்று எழுதிப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

ஐயா, குற்றவாளியை நிறுத்துவது போல இருக்கிறதே என்று என் மகள் சொல்கிறாள். அச்சுக்குப் போய்விட்டது.