புது வீட்டுக்கான டாரியன் உத்தரவாதம் ஜூனில் முடிகிறது

சுதா: எல்லோருக்கும் வணக்கம். பேஸ்மெண்டில் அம்மாவின் கட்டிலுக்கருகே ரேடன் என்ற கதிரியக்க வாயுவை அளக்க டிசம்பரில் வைத்த அளவியின் ஆய்வுகூட அறிக்கை இன்று வந்தது. கதிரியக்கத்தை அளக்கும் அலகில், ஒரு கன மீற்றருக்கு 310 பெக்கரல் என்றிருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சான ஹெல்த் கனடா வகுத்திருக்கும் எல்லை 200.

கலா சித்தி: மணமும் நிறமும் இல்லாத ஒன்றை எப்படி நம்புவது, சுதா? கதவைத் தட்டிச் சுடுநீர்க் கொதிகலன் விற்றவர்களிடம் நாங்கள் பட்டது போதாதா?

சுதா: இதை யாரும் விற்க வரவில்லை, சித்தி. 'டேக் ஆக்‌ஷன் ஆன் ரேடன்' அமைப்பு மாநகரசபைகளோடு சேர்ந்து ஊருக்கு 100 அளவிகள் வீதம் இலவசமாகக் கொடுக்கிறது. அப்படி வந்ததுதான் இதுவும். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வட்டு, மின்சாரம்கூடத் தேவையில்லை. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும் இந்த வாயு தரை வெடிப்புகளாலும், பேஸ்மெண்டில் நிலத்தடி நீர் சேரும் சம்ப் குழியாலும் உள்ளே வருகிறது. குளிர்காலத்தில் யன்னல்களை அடைத்து வீட்டைச் சூடாக்கும்போது வீடே மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுவதால், அந்தக் காலத்தில் குறைந்தது 91 நாட்கள் அளக்கச் சொல்கிறார்கள்.

ரவி மாமா: புகைக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு முதற்காரணம் ரேடன்தான், கலா. சுதா பிள்ளை, நீங்கள் புது வீட்டுத் திறப்பை வாங்கியது 2019 ஜூனில் அல்லவா? ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான உத்தரவாதத்தை நிர்வகிக்கும் டாரியன் நிறுவனம் தரும் 7 ஆண்டு உத்தரவாதத்தில் அளவுக்கு மிஞ்சிய ரேடனும் அடங்கும். 310 என்றால் 2 ஆண்டுகளுக்குள் குறைக்கலாம் என்று ஹெல்த் கனடா சொன்னாலும், உங்களுக்கு இருப்பது 3 மாதம்தான். அறிக்கையை இணைத்து இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

சுதா: திறப்பைத் தந்த அன்று சமையலறை மேசையின் கீறல்வரை காட்டிக் கையெழுத்து வாங்கியவர்கள், இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாமா.

ரவி மாமா: ஒரு அலுவலகம் அளவியைத் தருகிறது, இன்னொன்று திருத்தும் செலவை ஏற்கிறது, இரண்டையும் முடிச்சுப் போடும் வேலை மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

கலா சித்தி: எங்கள் வீட்டுக்கு 22 வயது. நாங்கள் யாரிடம் போவது?

ரவி மாமா: அதற்கு டாரியன் உதவாது. சில நூலகங்கள் மின்னணு அளவியை இரவல் தருகின்றன. அது ஒரு முன்னோட்டம் மட்டுமே, முடிவெடுக்க மூன்று மாத அளவீடு வேண்டும். அதிகமாக இருந்தால், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கனடிய நுரையீரல் சங்கம் மானியம் வழங்குகிறது, கேட்டுப் பாருங்கள். வேலைக்கு, ரேடன் வேலை தெரிந்தவர்களுக்குக் கனடாவில் கொடுக்கும் சி-என்ஆர்பிபி சான்றிதழ் உள்ளவரையே கூப்பிடுங்கள். தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறியால் அடிமண் காற்றை இழுத்து வெளியே விடுவார்கள்; பெரும்பாலும் 80 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும்.

அம்மா: படியேற என் முழங்கால் விடாது, நான் கீழேதான் இருப்பேன். குழாயைச் சாமித்தட்டு இருக்கும் சுவரோடு கொண்டுபோகாமல், சம்ப் குழி மூலையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.