டிராக் பந்தய ஸ்டேஷன் வேகன்: பின்புற ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டுமா, விறைப்பாகவா?

கேள்வி:
வணக்கம். என்னிடமுள்ள 1981ஆம் ஆண்டு செவ்ரோலே மாலிபு ஸ்டேஷன் வேகனைக் கால் மைல் டிராக் (drag) பந்தயத்துக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் ஓடும் பந்தயத்துக்குத் தயார்செய்து வருகிறேன். பின்புறம் காயில் (சுருள்) ஸ்பிரிங்கும், ஆக்ஸிலை (பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் நான்கு இணைப்புக் கைகளும் கொண்ட பழைய அமைப்பே இருக்கிறது. பின் இருக்கையையும் உட்பலகைகளையும் கழற்றிய பிறகு பின்பகுதி உயர்ந்து நிற்கிறது. கிளம்பும்போது வலது பின் டயர் முதலில் வழுக்குகிறது. மென்மையான ஸ்பிரிங் போட்டால் பின்பகுதி நன்றாக அமர்ந்து டயருக்குக் கூடுதல் எடை கிடைக்கும் என்கிறார்கள். இது சரியா? இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதுமா?

மறுமொழி 1:
பின்பகுதி அமர்வதும் எடை பின்னால் போவதும் ஒன்றல்ல. மாறும் எடையைத் தீர்மானிப்பவை வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், முடுக்கம், சக்கர இடைத்தூரம் ஆகியவையே. எடுத்துக்காட்டாக, 1,600 கிலோ எடையும் 0.55 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் 2.75 மீட்டர் சக்கர இடைத்தூரமும் கொண்ட வண்டி 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான) முடுக்கத்தில் கிளம்பினால், எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஏறத்தாழ 320 கிலோ பின்னால் மாறும். அதில் எவ்வளவு ஸ்பிரிங் வழியாகவும், எவ்வளவு இணைப்புக் கைகள் வழியாகவும் டயரைச் சேர்கிறது என்பதைக் கைகளின் கோணமே முடிவுசெய்கிறது. கோணம் சரியாக அமைந்தால் பின்பகுதி துளியும் தாழாமலே முழு எடையும் டயருக்குக் கிடைக்கும். ஆகவே ஸ்பிரிங்கின் முதல் வேலை, அந்தக் கோணம் குலையாதபடி வண்டியைச் சரியான உயரத்தில் நிறுத்துவதுதான். வேகன் ஸ்பிரிங்குகள் சுமையைக் கருதி விறைப்பாகச் செய்யப்பட்டவை. சுமையை எடுத்துவிட்டதால் உங்கள் வண்டி உயர்ந்து, கோணமும் மாறியிருக்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஓட்டுநரும் எரிபொருளும் உள்ளே இருக்கும் நிலையில் ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் அளந்துகொள்ளுங்கள். பின் சக்கரங்கள் இரண்டிலும் சேர்ந்து 740 கிலோ என்றும், ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் அது தாங்காத ஆக்ஸில், சக்கரம், பிரேக் எல்லாம் 140 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒரு ஸ்பிரிங் தாங்குவது 300 கிலோ. ஸ்பிரிங் நேராக ஆக்ஸில் மேல் அமர்ந்திருந்தால், மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ விறைப்புள்ளது 120 மில்லிமீட்டர் அமுங்கும். 2 கிலோ விறைப்புள்ளது 150 மில்லிமீட்டர் அமுங்கும். பொருத்திய நிலையில் 230 மில்லிமீட்டர் நீளம் தேவையென்றால், முதலாவதன் தளர்ந்த (சுமை ஏற்றாத) நீளம் 350ஆகவும் இரண்டாவதன் நீளம் 380ஆகவும் இருக்க வேண்டும். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்: ஆக்ஸில் கீழே தொங்கும்போது நீளமான ஸ்பிரிங் தான் பொருந்தியிருக்கும் இடத்தை விட்டு எளிதில் நழுவாது; டயரை அழுத்தும் விசையும் மெதுவாகவே குறையும். துள்ளலைக் கட்டுப்படுத்துவது ஷாக் அப்சார்பரின் பொறுப்பு. அதற்காக ஸ்பிரிங்கை விறைப்பாக்க வேண்டாம்.

மறுமொழி 3:
வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். செயல்படும் சுற்றுகள் 9இலிருந்து 8 ஆனால் உயரம் குறைவதோடு விறைப்பும் 12.5 சதவீதம் கூடிவிடும். உங்களுக்குத் தேவையானதற்கு நேர்மாறு. நெருப்பால் சூடாக்கித் தாழ்த்துவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள், எஃகின் பதம் கெட்டுவிடும். வலது டயர் முதலில் வழுக்குவதற்குக் காரணம் டிரைவ் ஷாஃப்டின் (எஞ்சின் விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் தண்டு) முறுக்குவிசை; அது ஆக்ஸிலின் வலப்பக்கத்தைத் தூக்கி இடப்பக்கத்தை அழுத்துகிறது. இரு பக்கமும் ஒரே ஸ்பிரிங்கைப் போட்டு, வலது ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தம் கூட்டிப் பாருங்கள். டிராக் பந்தயத்துக்கான பின்புற ஆன்டி ரோல் பார் (வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைத் தடுக்கும் தண்டு) இதைவிடத் திடமான தீர்வு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். சக்கர எடைகளை அளந்து, கைகளின் கோணத்தையும் குறித்துக்கொண்டு இங்கேயே பதிவிடுகிறேன்; அதன் பிறகே ஸ்பிரிங் வாங்குவேன்.