பையனுக்கு காது கேக்குறது கம்மின்னு சொல்லிட்டாங்க, வீட்ல என்ன செய்யணும்?

சுங்கைசிப்புட்_அம்மா:
வணக்கம். நாங்க மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல இருக்கோம். பையனுக்கு 14 மாசம். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், ஆனா கதவ படார்னு சாத்துனா திரும்புவான், அதனால மாமியார் "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசுனான், விடு"ன்னாங்க. ஈப்போ ஆஸ்பத்திரில தூங்க வெச்சு டெஸ்ட் எடுத்துட்டு ரெண்டு காதுலயும் கேக்குறது கம்மின்னு சொல்லி காது கேக்குற மெஷின் போட்டு விட்டுட்டாங்க. போட்ட உடனே பிடுங்கி எறியிறான், அவனத் தோள்ல போட்டா மெஷின் கீ...ன்னு விசில் அடிக்குது. இதுல தெரிஞ்சவங்க ஒருத்தங்க இனிமே தமிழ் பேசாதீங்க, மலாய் மட்டும் பேசுங்க, இல்லன்னா குழம்பிடுவான்ங்கிறாங்க. எனக்கு மலாய் கடைக்குப் போற அளவுக்குத்தான் வரும். ஒண்ணும் புரியல.

பீடோர்_அக்கா:
தங்கச்சி, என் மகளுக்கும் இதேதான், இப்ப ஸ்கூல் போறா. மோல்டு, அதான் காதுக்குள்ள மாட்டுற அச்சு, சரியா உக்காரலன்னா சத்தம் வெளிய கசிஞ்சு திரும்ப மைக்குக்குள்ள போய் அப்படிக் கத்தும். தோள்ல சாஞ்சா கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும், ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதும் அடிச்சா மோல்டு பத்தல. இந்த வயசுல காது சீக்கிரம் வளரும், சில மாசத்துக்கு ஒரு தடவ புதுசு எடுக்கணும், அப்பாயின்மென்ட் வரட்டும்னு இருக்காம போன் பண்ணிக் கேளுங்க. பிடுங்கினா திட்டாதீங்க, கையில ஏதாவது குடுத்துட்டு திரும்ப மாட்டுங்க, சட்டைல கிளிப் போட்டு கயித்தோட மாட்டிடுங்க. குளிக்கிறது தூங்குறது தவிர முழிச்சிருக்குற நேரம் பூரா காதுல இருக்கணும், அதுக்கு மெதுவா கொண்டு வாங்க.

காலைல மாட்டினதும் அவன் பின்னாடி உக்காந்து, வாய் தெரியாம, ஆ ஊ ஈ ம் ஷ் ஸ், இந்த ஆறையும் சாதாரண குரல்ல ஒண்ணொண்ணா சொல்லிப் பாருங்க. நேத்து ஷ்ஷுக்கு திரும்பினவன் இன்னைக்கு திரும்பலன்னா பேட்டரியா, மோல்டுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்கணும். அப்புறம் டிவிய ஆஃப் பண்ணிட்டு ஒரு கை தூரத்துல இருந்து பேசுங்க. மோட்டார் சத்தம் வந்தா காதைத் தொட்டுக் காட்டி "கேட்டியா, அப்பா வராரு"ன்னு வாசலுக்குத் தூக்கிட்டுப் போங்க, சத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு அவனுக்கு அப்படித்தான் புரியும்.

ஆடியோலஜி_தம்பி:
அக்கா நான் காது டெஸ்ட் பண்ணி மெஷின் மாட்டுற வேலைலதான் இருக்கேன். தமிழை விடவே விடாதீங்க. எந்த மொழி உங்க வாயில தானா வருதோ அதுலதான் நீங்க நிறைய பேசுவீங்க, கதை சொல்லுவீங்க, கொஞ்சுவீங்க, குழந்தைக்கு அதுதான் வேணும். மலாய் பின்னாடி தானா வரும். பொறந்து 1 மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள முழு டெஸ்ட், 6 மாசத்துக்குள்ள மெஷினும் பயிற்சியும்னு ஒரு கணக்கு உண்டு. அது தாண்டிருச்சேன்னு மனசு உடையாதீங்க, 14 மாசமும் சின்ன வயசுதான், ஆனா இனிமே ஸ்பீச் தெரபிய தள்ளிப் போடாதீங்க. பொறந்தப்ப டெஸ்ட்ல பாஸ் ஆன பிள்ளைக்கும் பின்னாடி குறையலாம், அதனால யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேணாம். மெஷின் போட்டும் பேச்சு சத்தம் போதுமான அளவுக்கு எட்டலன்னா காக்லியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி) பத்தி நீங்களே கேளுங்க, அதுல வயசு ரொம்ப முக்கியம்.

கைமொழி_அண்ணன்:
நான் பிறவிலேயே காது கேக்காதவன், தோட்டத்துலதான் வளர்ந்தேன். சாப்பிடுற நேரம் எல்லாரும் சிரிப்பாங்க, என்னன்னு கேட்டா "அப்புறம் சொல்றேன்"ம்பாங்க, சொன்னதே இல்ல. மெஷின் போடுங்க, பேசுங்க, கூடவே சைகையும் கத்துக்குங்க தங்கச்சி. சைகை கத்துக்கிட்டா பேச்சு வராதுங்கிறது தப்பு. நம்ம நாட்டு சைகை மொழியான பஹாசா இஷாராத் மலேசியாவ 2008 ஓகேயு (மாற்றுத்திறனாளிகள்) சட்டமே ஏத்துக்கிட்டிருக்கு. பால், வலிக்குது, போதும், பாட்டி, இப்படி தினம் வர்றதுல ஆரம்பிங்க. மாமியாரும் கத்துக்கணும், அவங்கதான் பகல் பூரா அவன்கூட இருப்பாங்க.

தாப்பா_மாமா:
ஓகேயு கார்டுக்கு டாக்டர் ஃபாரம் வாங்கி கெபாஜிக்கான் (சமூகநல) ஆபீஸ்ல பதிஞ்சிடும்மா. மெஷின் மாதிரி உபகரணத்துக்கு அங்க உதவி இருக்கு, ஆஸ்பத்திரில மெடிக்கல் சோஷியல் ஆளுங்களையும் கேளு. கடன் வாங்கி எதையும் வாங்காத.

சுங்கைசிப்புட்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கப் படிக்க அழுதுட்டேன். மாமியாருக்கும் படிச்சுக் காட்டினேன், பால் சைகைய எங்க பாக்கலாம்னு அவங்களே கேட்டாங்க. பீடோர் அக்கா, இங்க வெயில்ல மெஷின் பூரா வேர்வை ஆகுதே?

பீடோர்_அக்கா:
ராத்திரி பேட்டரிய எடுத்துட்டு, டப்பால ஈரம் உறிஞ்சுற சிலிக்கா போட்டு மூடி வைங்க. அப்புறம் பேட்டரி கதவுக்கு லாக் கேட்டு வாங்குங்க. அந்தக் குட்டி பேட்டரிய முழுங்கிட்டானோன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம எமர்ஜென்சிக்கு ஓடிடுங்க.