பழைய காருக்கு ஆக்சிஜன் சென்சார்: எதை வாங்குவது?

பனசங்கரிவாசி:
வணக்கம். 2009-இல் அப்பா வாங்கிய பெட்ரோல் காரை இப்போது பெங்களூருவில் நான் ஓட்டி வருகிறேன். சில வாரங்களாகச் செக் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிகிறது. ஸ்கேனரில் பி0135 என்ற ஒரே பழுதுக் குறியீடுதான் (கோடு) வந்தது; புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து செல்லும் நாட்களில் மைலேஜ் வெகுவாகக் குறைகிறது, புகையில் பெட்ரோல் வாடையும் அடிக்கிறது; மைசூரு சாலையில் சீரான வேகத்தில் போனால் பழைய மைலேஜே கிடைக்கிறது. கார் கம்பெனியின் ஒரிஜினல், பெயர்பெற்ற உதிரிபாக நிறுவனத்தின் சென்சார், எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று ஜே.சி. ரோட்டில் விற்கும் நான்கு வயர் சென்சார் ஆகிய மூன்றுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காரை விற்கும் எண்ணம் இல்லை. எதை வாங்கலாம்?

மீட்டர்காரர்:
நண்பரே, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் பழுது என்பதுதான் பி0135-இன் பொருள். பழுது சென்சாருக்குள் இருக்கிறதா, அதற்கு வரும் வயரிலா ஃபியூஸிலா என்பதை அந்தக் கோடு சொல்லாது.

நீங்கள் எழுதிய அறிகுறிகளும் அதனோடு ஒத்துப்போகின்றன. சென்சாருக்குள் இருக்கும் சிர்கோனியா பீங்கான் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். அப்போது புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் 0.1 வோல்ட் அளவிலும், பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவிலும் மின்னழுத்தம் தரும். நெடுஞ்சாலையில் புகையின் சூடே அதற்குப் போதும். நெரிசலில் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது புகைக்குழாய் ஆறிவிடுவதால் ஹீட்டர்தான் அந்தச் சூட்டைக் காக்க வேண்டும். அது செத்துவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. சென்சாரை நம்பாமல், தன்னிடம் உள்ள பொதுக் கணக்கின்படி பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே விடும்.

எஞ்சின் ஆறியபின், சென்சார் வயரை வண்டி வயரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரு வயர்களுக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பெரும்பாலான சென்சார்களில் சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டும். எண்ணே வராவிட்டால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது. எண் சரியாக வந்தால், எஞ்சினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும்தான் பார்க்க வேண்டும், சென்சாருக்குச் செலவு செய்யாதீர்கள்.

பனசங்கரிவாசி:
மிக்க நன்றி, ஐயா. சென்சார் பக்கத்தில் எண் எதுவும் வரவில்லை. வண்டிப் பக்கத்தில் 12 வோல்ட் சரியாக வருகிறது. வயர்களில் இரண்டு கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. இன்னொரு பட்டறையில் ஹீட்டர் வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் விளக்கு அணைந்துவிடும் என்றார்கள். அப்படிச் செய்யலாமா?

அல்சூர் பட்டறை:
அதைச் செய்யவே செய்யாதீர்கள், தம்பி. விளக்கு அணையும், ஆனால் பீங்கான் ஆறியேதான் கிடக்கும். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும்; அதை மாற்றும் செலவு சென்சாரைவிடப் பல மடங்கு.

உங்கள் வயர் நிறங்களைப் பார்த்ததும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் சென்சாரில் இரண்டு கறுப்பும் ஹீட்டருக்கு, நீலம் சிக்னலுக்கு, வெள்ளை அதன் எர்த்துக்கு. டென்சோ சென்சார்களில் வழக்கமாக இந்த முறைதான். கடையில் கிடைக்கும் பொதுச் சென்சார்கள் பலவற்றில் இரண்டு வெள்ளை ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் எர்த்துக்கு என்ற போஷ் முறை இருக்கும். கறுப்பைக் கறுப்போடு சேர்த்தால் ஹீட்டருக்கு வரும் 12 வோல்ட் சிக்னல் வயரில் பாய்ந்துவிடும். நிறம் பார்த்துச் சேர்த்து, புதுச் சென்சாரை அன்றே கெடுத்த வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

நிறத்தைச் சரியாக மாற்றி இணைத்தாலும் ஹீட்டரின் ஓம் அளவு ஒத்துப்போகாவிட்டால் அதே கோடு திரும்பி வரக்கூடும். இணைப்பிலும் சிக்கல் உண்டு: பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன, ஈயப் பற்று வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எனவே பொதுச் சென்சார் உங்களுக்கு வேண்டாம்.

நான் சொல்வது நடுவிலுள்ளது: உங்கள் வண்டிக்கென்றே அதே கப்ளரோடு வரும், பெயர்பெற்ற நிறுவனத்தின் சென்சார். கார் கம்பெனிகள் சென்சாரைத் தாங்களே செய்வதில்லை; இத்தகைய நிறுவனங்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. பழைய சென்சாரின் அறுமுனை உடலிலோ அதன் அருகிலோ பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, அதற்கு ஈடான எண்ணைக் கேட்டு, பில்லோடு வாங்குங்கள். எழுத்து மங்கலாகவோ மை அச்சாகவோ இருந்தால் டூப்ளிகேட்டாக இருக்கலாம். குஜிலியில் (பழைய சாமான் கடையில்) கிடைக்கும் பழைய சென்சார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மீட்டர்காரர்:
பட்டறைக்காரர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். பொருத்தும்போது எஞ்சின் இளஞ்சூட்டில் இருந்தால் மரை எளிதில் கழலும். வயருக்குப் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட் வேண்டும். மரை இறுகிப்போகாமல் இருக்கப் பூசும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தால் மேலும் தடவ வேண்டாம், எப்படியும் நுனியில் படக்கூடாது. சிலிகான் பசையை அருகிலேயே பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவி பீங்கானைக் கெடுக்கும். ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, வெகுநேரம் ஐடிலில் விட்டு ஸ்கேனரில் சிக்னலைப் பாருங்கள், அப்போதும் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஹீட்டர் தன் வேலையைச் செய்கிறது.