புது அல்ட்ராவைட் மொனிட்டரில் படம் இழுபட்டுத் தெரிகிறது

கொக்குவிலான்: நேற்று 34 அங்குல மொனிட்டர் ஒன்றை டெஸ்க்டொப்பில் கொழுவினேன், எழுத்தெல்லாம் மங்கல், கலியாணப் படத்தில் தங்கச்சியின் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாக இருக்கிறது. பெட்டியில் 3440×1440 பிக்சல், 100 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 100 தரம் படம் புதுப்பிக்கும்) என்று போட்டிருக்கிறது. பழைய எச்டிஎம்ஐ வயர்தான் பாவிக்கிறேன். என்ன பிழை?

நல்லூர்வாசி: தம்பி, 1920×1080 இல் ஓடுகிறது போல, அதை அகலத் திரைக்கு இழுத்தால் முகம் அப்படித்தான் வரும். டிஸ்பிளே செட்டிங்ஸில் 3440×1440 ஐத் தெரிவு செய்யுங்கள். வயரை எங்கே கொழுவினீர்கள்? யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் என்றால் அது மதர்போர்ட் (கணினியின் பிரதான பலகை), படத்தைக் கையாளும் தனி கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் அதன் போர்ட் கீழே தனியாகக் கிடையாக இருக்கும், அங்கே மாற்றுங்கள்.

சுன்னாகம் பொடியன்: வயரையும் மாற்றுங்கோ அண்ணை. எச்டிஎம்ஐயின் பழைய 1.4 பதிப்பில் இந்த அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் வராது, டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகை இணைப்பின் 1.2 பதிப்பே போதும். அப்புறம் அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயில் போய் 100 என்று நீங்களே மாற்ற வேண்டும், பல நேரம் 60 இலேயே நிற்கும்.

கொக்குவிலான்: மதர்போர்ட்டில்தான் கொழுவியிருந்தேன்! மாற்றியதும் எழுத்து வடிவாக வந்துவிட்டது, தங்கச்சியும் பழைய முகத்துக்கு வந்துவிட்டாள். டிஸ்பிளேபோர்ட் வயர் நாளைக்கு வாங்குகிறேன். பெரிய நன்றி அண்ணை, தம்பிக்கும்.