ஒதுக்கிவைப்பு உதவித்தொகை (segregation scholarship) – கலைச்சொல் பரிந்துரை

> 'ஒதுக்கீட்டு உதவித்தொகை' என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே?

ஐயா, வணக்கம்.

சுருக்கம்தான், ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். ஒதுக்கீடு என்றதும் நமக்கு இட ஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு உள்ளே இடம் கொடுப்பது அது. நாம் சொல் தேடும் segregation scholarship என்பதோ கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமலிருக்க அரசு கொடுத்த பணம்.

வரலாற்றாசிரியர் கிரிஸ்டல் சாண்டர்ஸின் ஆய்வைத் தமிழில் பேசத்தான் இந்தச் சொல் வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கான பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு கிடையாது. அதைத் தொடங்காமல், வெளிமாநிலத்தில் போய்ப் படியுங்கள் என்று பணம் கொடுத்தார்கள். மிசௌரி 1921இல் ஆரம்பித்தது. வெளியே அனுப்புவது சம உரிமைக்கு ஈடாகாது என்று 1938இல் கெய்ன்ஸ் என்ற கறுப்பின மாணவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பல மாநிலங்கள் நிறுத்தவில்லை.

ஆலிஸ் ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண் 1935இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். இரு இனத்தாரும் சேர்ந்து படிப்பது மாநிலக் கொள்கைக்கு முரண், இங்கே பட்டியலிடத் தேவையில்லாத வேறு தக்க காரணங்களும் உண்டு என்று பதில் வந்தது. அந்த வேறு காரணங்கள் என்னென்ன என்று அவர் திருப்பி எழுதிக் கேட்டார். என்ன துணிச்சல்! அடுத்த ஆண்டே மாநில அரசு இந்த உதவித்தொகைக்குச் சட்டம் கொண்டுவந்தது. அவர் நியூயார்க் போய், கொலம்பியாவில் படித்தார்.

இழையின் தொடக்கத்தில் வந்த 'புலம்பெயர் உதவித்தொகை'யும் சரிவராது. பள்ளி ஆசிரியைகள் பலர் கோடை விடுமுறைகளில் மட்டும் வடக்கே போய்ப் படித்துப் பட்டத்தை முடித்தார்கள், விடுமுறை முடிந்ததும் தெற்கே தங்கள் வகுப்பறைக்கே திரும்பினார்கள். 'பிரிவினை' என்றால் நாட்டுப் பிரிவினை குறுக்கே வரும்.

ஊர் ஒருவரை ஒதுக்கிவைத்தது என்றால் விளக்கமே தேவையில்லை. அதனால் 'ஒதுக்கிவைப்பு உதவித்தொகை' என்கிறேன். பின்பாதியை 'நிதி' என்று சுருக்கவும் வேண்டாம். கணக்கியலின் ஒதுக்கு நிதியோடு குழம்பும். அரசு அதை உதவி என்றே அழைத்தது என்பதும் சொல்லில் தெரிய வேண்டும்.

கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் 'நிற' என்று முன்னே சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பது என் எண்ணம். மற்றவர்களும் சொல்லுங்கள், அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்